பெயர் வெட்டிய பீங்கான்

1996 ஜனவரி. எங்கள் ஒரே மகளுக்குக் கும்பகோணத்தில் திருமணம். மணமகன் குத்தாலத்தை அடுத்த ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்தவர். அமெரிக்காவில், நியூஜெர்சியில், கணினிப் பொறியாளர். இரண்டு குடும்பமும் லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவை.

1996 ஏப்ரல். மகள் கணவருடன் புறப்பட்டாள். சீர்வரிசையாகக் கொடுத்த டேனிஷ் பீங்கான் சாமான்கள் கப்பல் வழியாகப் பின்னால் சென்றன.

2001 மார்ச். மூளையில் இரத்தக் கசிவால் மகள் இறந்தாள். குழந்தை இல்லை. அடக்கம் அங்கேயே நடந்தது. நாங்கள் போகவில்லை.

2002 ஜூலை. மேற்படி சாமான்கள் இரண்டு மரப்பெட்டிகளில் தாராசுரம் சாலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தன.

2023 நவம்பர். என் மனைவி காலமானாள்.

நடந்தவை இவ்வளவுதான். இவற்றில் ஒன்றைக்கூட மாற்றி எழுத முடியாது என்பதால் முதலில் எழுதிவிட்டேன்.

அந்தப் பீங்கான் எங்கள் குடும்பத்துக்கு வந்தது என் தந்தையார் காலத்தில். அவர் ஒரு மிஷன் மருத்துவமனையில் கம்பவுண்டர். அங்கே நெடுங்காலம் பணிசெய்த டேனிஷ் மருத்துவத் தம்பதி ஊர் திரும்பும்போது, கொண்டுபோக முடியாதவற்றை வேலை பார்த்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஒருவருக்குக் கட்டில், ஒருவருக்குத் தையல் மிஷின், எங்களுக்குத் தட்டுகள். என் தாயார் எதிர்பார்த்திருந்தது தையல் மிஷினை.

பெரிய தட்டு, சின்னத் தட்டு, ஆழத் தட்டு, கோப்பை, சாஸர், மூடி போட்ட சூப் பாத்திரம், குழம்பு ஊற்றுவதற்கென்று ஓடம் போல் நீண்டு மூக்கு வைத்த ஒரு கிண்ணம். எல்லாம் வெள்ளையில் நீலம். தட்டின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வரிகள் பள்ளமும் மேடுமாக ஓடும். அவற்றின் மேல் கொடி, கொடியில் செவ்வந்தி போல ஒரு பூ, ஐந்து இதழில் இன்னொரு பூ. சீனத்துப் பூக்களை ஐரோப்பியர் பார்த்து வரைந்து, வரைந்து வரைந்தே தங்கள் பூவாக்கிக் கொண்டவை. தட்டைக் கவிழ்த்தால் அடியில் மூன்று அலைக்கோடுகள். டென்மார்க்கின் மூன்று நீரிணைகளைக் குறிப்பவை. அவற்றின் அருகே கடுகளவில் ஒரு குறி. அந்தத் தட்டை வரைந்தவர் போட்டது.

நான் கல்லூரியில் வேதியியல் ஆசிரியன். அந்த நீலத்தைப் பற்றி என் வகுப்புகளில் ஆண்டுதோறும் பேசியிருக்கிறேன். வரையும்போது அது நீலமாக இருப்பதில்லை. கோபால்ட் ஆக்சைடு தூரிகையில் மங்கிய கருஞ்சாம்பல். மெருகு ஏறாத பீங்கான் அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும், அழித்து வரைய இடமில்லை. பிறகு அதன்மேல் மெருகுப்பூச்சில் தோய்த்து எடுக்கும்போது ஓவியமே மறைந்துபோகும். சூளையில் ஆயிரத்து நானூறு பாகை வெப்பத்தில் மெருகு கண்ணாடியாக உருகித் தெளிந்த பின்புதான் உள்ளே நீலம் தெரியும். வரைந்தவர் வரையும்போது அதைப் பார்த்ததே இல்லை. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்வார்கள். தேர்வில் ஒருபோதும் கேட்கப்படவில்லை.

திருமணத்துக்கு முந்தைய மார்கழியில் என் மனைவி சீர்ப் பாத்திரங்களைப் பெயர் வெட்டக் கொண்டுபோனாள். எவர்சில்வர் குடம், பித்தளை அண்டா, செம்பு, தாம்பாளம். வழக்கமான காரியம், நான் உடன் போகவில்லை. மாலையில் ஆட்டோ வந்து நின்றபோது அண்டாவுக்குள் புடவைகளில் பொதிந்து பீங்கான் தட்டுகளும் இருந்தன. எடுத்துக் கவிழ்த்தேன். மூன்று அலைக்கோட்டுக்கும் வரைந்தவரின் குறிக்கும் பக்கத்தில், என் பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, மகளின் பெயர் முழுதாக. கரண்டில் ஓடும் எழுத்து மிஷினால் மெருகைக் கீறி, குண்டுத் தமிழில் வெட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும். கடைக்காரர் வேண்டாமென்று சொன்னாராம். முதலில் ஒரு சாஸரில் வெட்டிப் பார்த்ததில் அது இரண்டாகப் போயிற்றாம். மெதுவாக வெட்டச் சொன்னாளாம்.

இது நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள், ஐரோப்பாவில் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள் என்றேன். அவள் புடவைகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கண்ணாடிப் பெட்டியில வைக்கிறதுக்கு யாரோடதுன்னு தெரிய வேண்டாம். குடும்பம் நடத்துற சாமானுக்குத் தெரிய வேண்டாமா? பேர் இல்லாம எப்படிங்க அனுப்புறது?"

இந்தப் பீங்கானில் தமிழ்ப் பெயர் வெட்டிக்கொண்டவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டுமாக இருக்கக்கூடும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. சீரை வரிசையாக வைத்திருந்த அன்று சம்பந்தி அந்த ஓடக் கிண்ணத்தைக் கையில் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "பாத்துக்கங்க, எங்க புரபசர் சம்பந்தி பொண்ணுக்குக் கப்பலே குடுத்திட்டாரு." கூட்டம் சிரித்தது. மகள் தலை குனிந்து சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தொலைபேசியில் கூப்பிடுவாள். சாமான்களைத் தினப்படிக்கு எடுக்காதே, விருந்தாளி வந்தால் எடு என்று தாய் சொல்வாள். சரி என்பாள் மகள். ஒருமுறை மட்டும், "இங்க யாரும்மா வர்றா? நான்தான் விருந்தாளி மாதிரி இருக்கேன்" என்றாள். அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். தட்டுகள் ஏதோ அலமாரியில் பத்திரமாக இருப்பதாக நம்பினோம். என் மனைவிக்கு அங்கே போய் அவற்றில் சாப்பிட வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால் மகளுக்குக் குழந்தை பிறக்கும்வரை பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். எந்த வேதத்திலும் எழுதப்படாதது; நாங்கள் அதை விடவும் இல்லை. பேரப்பிள்ளை பிறக்கட்டும், பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தோம். அதனால்தான் அடக்கத்துக்குப் போக முடியவில்லை.

சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்ட எங்கள் பக்கத்தில் இரண்டு காரணங்கள் உண்டு. விசேஷ வீடுகளில் பாத்திரம் மாறிப்போகாது என்பது எல்லோரும் சொல்வது. மற்றது யாரும் சொல்லாதது. பெண் வாழாமல் திரும்பினாலும், பிள்ளையில்லாமல் இறந்தாலும், எது அவளோடு வந்தது என்று பிரித்தெடுத்துத் திருப்பிவிடலாம்.

மகள் இறந்த மறு ஆண்டு, ஆடி பிறந்தும் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குறுவை நடவே நடக்கவில்லை. அந்த நாட்களில் ஒரு பகலில் வாசலில் வாடகை வேன் வந்து நின்றது. சம்பந்தி இறங்கினார். வண்டியில் இரண்டு பெட்டிகள். உள்ளே வந்து நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, மேட்டூரில் எத்தனை அடி என்பதில் தொடங்கி, போர்க் கிணறு போட்டவன் பாடு, போடாதவன் பாடு எல்லாம் பேசினார். காபி வந்தது. டம்ளரைக் கீழே வைத்த பிறகு சொன்னார்.

"உங்க சாமான் வந்திருக்குங்க, சம்பந்தியம்மா."

"எங்க சாமான் எதுவும் வெளியில இல்லீங்களே அண்ணே."

"பொண்ணு பேரு வெட்டியிருக்கு."

"ஆமா. வெட்டினது நான்தான்."

மீதியை அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மகன் சின்ன வீட்டுக்கு மாறியபோது சாமான்களைக் கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட்டான். அவனுக்கு மறுமணம் பேசி முடித்திருக்கிறது. பெண் வீட்டார் யாரும் எதுவும் கேட்கவில்லை, நல்ல மனிதர்கள். ஆனாலும் வரப்போகிற பெண் வேறொருத்தி பெயர் வெட்டிய தட்டைக் கழுவி அடுக்குவது நன்றாயிருக்காது. இறந்தவளின் பொருளை வைத்துக்கொண்டார்கள் என்ற பேச்சும் தனக்கு வேண்டாம். முறைப்படி ஒப்படைத்துவிட்டுப் போக வந்திருக்கிறார். அவர் சொன்னதில் குற்றம் எதுவும் இல்லை. அவர் இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன். பெட்டிகளை இறக்கச் சொல்ல எழுந்தேன்.

"இறக்க வேண்டாம்" என்றாள் என் மனைவி.

நானும் சம்பந்தியும் அவளைப் பார்த்தோம். அவள் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"கல்யாணத்தை நல்லபடியாப் பண்ணிவைங்க அண்ணே. மருமகன் எத்தனை காலம் தனியா இருப்பாரு. ஆனா இதை நான் கை நீட்டி வாங்கினா, என் பொண்ணு திரும்பி வந்தவளா ஆயிடுவா. அவ உங்க வீட்டு மருமகளாத்தான் போய்ச் சேர்ந்தா. அங்க கல்லறைக் கல்லுல அப்படித்தான் எழுதியிருக்குன்னு சொன்னீங்க. அவளுக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

சம்பந்தி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் என்னதாங்க பண்றது? ஆத்துல கொண்டு போடலாம்னா ஆத்துலயும் தண்ணி இல்ல."

என் மனைவியின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். மகள் இறந்ததிலிருந்து நான் பார்க்காத ஒன்று.

"உங்க வீட்டுல இடம் இல்லேன்னா இங்க வச்சிட்டுப் போங்க. உங்க சாமானாவே இருக்கட்டும். எப்ப வேணுமோ அப்ப எடுத்துக்கங்க."

அப்படித்தான் இறக்கப்பட்டது. பின்னறையில் கறையான் ஏறாமல் செங்கல் அடுக்கி, அதன்மேல் பெட்டிகளை வைத்தோம். அதற்குப் பெயர் சம்பந்தி வீட்டுச் சாமான். வீடு வெள்ளையடித்தபோது, அறைக்குக் கதவு மாற்றியபோது, மழை ஒழுகியபோது எல்லாம் சம்பந்தி வீட்டுச் சாமானைப் பார்த்து நகர்த்துங்கள் என்பாள். ஆண்டுக்கொருமுறை செங்கலை மாற்றுவாள். ஒருநாளும் திறந்ததில்லை. அடியில் அந்தப் பெயரைப் பார்க்க வேண்டும்போல எனக்கு இருந்தது. ஒருமுறை, திறந்துதான் பார்ப்போமே என்றேன். அடுத்தவர்கள் பெட்டி என்றாள். வேறு எதைக் குறித்தும் அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

குத்தாலத்திலிருந்து தைக்குத் தை புது அரிசி வரும். நாங்கள் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் அனுப்புவோம். அந்த வீட்டில் இரண்டாம் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்ததைச் சம்பந்தி தொலைபேசியில் சொன்னார். தாயும் பிள்ளையும் சுகமா என்று என் மனைவி கேட்டாள். சந்தோஷம் என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அந்தக் குழந்தைக்கு நம்ம பொண்ணு யாருன்னு சொல்லி வளப்பாங்க?" என்று கேட்டாள். "ஒண்ணும் சொல்லாமயே விட்டுடுவாங்களோ?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். பிறகு அவள் அதைக் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தையிலும் அரிசி மூட்டையோடு வரும் ஆளை உட்காரவைத்து, அந்த வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள், பேத்தி என்ன படிக்கிறாள், யாரைப்போல இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள் எதைக் கேட்கக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வந்த ஆளுக்குத் தெரியாது. சம்பந்தியிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டுப் பெற்றால் அதற்கு மதிப்பில்லை என்று நினைத்திருப்பாள். இல்லை என்று பதில் வந்துவிடும் என்ற பயமாகவும் இருக்கலாம்.

அவள் நோயில் கிடந்தது ஐப்பசி மழைக்காலத்தில். அடக்கத்தன்று சம்பந்தி வந்தார். வயது எண்பத்தைந்துக்கு மேல். இருபக்கமும் பிடித்துத்தான் இறக்கினார்கள். கையில் கோடித் துணி. பிடித்தவர்களை விலக்கிவிட்டு, தானே குனிந்து அவள்மேல் போர்த்தினார். "மருமகன் கோடி" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார். "மகன் வரமுடியல. அவன் சொல்லித்தான் கொண்டாந்தேன்." பெண் போய் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்பும் எங்களுக்கு ஒரு மருமகன் இருந்தார். அதற்காகத்தான் அன்றைக்கு வேனிலிருந்து பெட்டியை இறக்க விடாமல் நின்றாள்.

மூன்றாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகும் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். ஒரு சின்ன விஷயம், கேட்கலாமா என்று தெரியவில்லை என்றார். கேளுங்கள் என்றேன்.

"பேத்தி அங்க காலேஜ் படிக்கிறா. அப்பாவோட பழைய போட்டோ ஒண்ணைப் பாத்துட்டு, பெரியம்மாவோட அந்த நீலப்பூத் தட்டெல்லாம் இப்ப எங்க தாத்தான்னு ஒரே நச்சரிப்பு. தனக்கு வேணுமாம்."

பெரியம்மாவா என்று கேட்டேன்.

"ஆமா, உங்க பொண்ணைத்தான். வேற யாரு?"

எப்போதிலிருந்து அப்படிச் சொல்கிறாள் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை.

"பேச ஆரம்பிச்ச காலத்துலேர்ந்துதான். அவ அம்மா சொல்லிக்குடுத்தது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பெரியம்மா கல்லறைக்குப் பூ வச்சிட்டுத்தான் எல்லாம்."

இதை ஏன் எங்களிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. ஆனால் என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"இதைத் தனியா சொல்லணும்னு தோணவே இல்லீங்க சம்பந்தி" என்றார். "வீட்ல சாதாரணமா சொல்றதுதானே."

என் மனைவி படுத்திருந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தியிருக்கவில்லை. சம்பந்தி பிறகு, உங்களுக்குச் சம்மதமென்றால் பேத்திக்குக் கொடுக்கலாமா, பெயரை அழிக்கக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள் என்றார்.

"என்னைக் கேக்காதீங்க" என்றேன். "அது உங்க வீட்டுச் சாமான்."

அவர் பார்க்க வேண்டும் என்றார். பின்னறைக்கு அழைத்துப்போய் ஸ்டூலில் உட்காரவைத்து, முதல் பெட்டியின் ஆணிகளைக் கழற்றினேன். உள்ளே வைக்கோல். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் விரல் கனத்துக்குப் பிரித்துப் போட்டு, ஓரங்களில் புரியாகத் திரித்துச் செருகி, ஒரு பொருள் இன்னொன்றைத் தொடாமல் வைத்திருந்தது. கையில் எடுத்தால் பொடிந்தது. யார் கட்டியது என்று கேட்டேன். நான்தான் என்றார். மாட்டுக்கு வைத்திருந்த கடைசி வைக்கோல் போரிலிருந்து எடுத்ததற்கு அந்த வருஷம் வீட்டில் ஏச்சு வாங்கினாராம். வைக்கோல் கிடைக்காமல் ஊரில் மாட்டை விற்றுக்கொண்டிருந்த நேரம்.

தட்டுகளைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பூக்களின் மேல் கரண்டி உரசிய சாம்பல் நிறக் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக. ஒரு சில விருந்துகளில் அவ்வளவு விழாது. கவிழ்த்தேன். மெருகு மூடியிருக்கும் இடத்தில் எதுவும் ஒட்டாது. மிஷின் மெருகைக் கீறிய இடம் மட்டும் சொரசொரப்பாக நிற்கும். கழுவும் தண்ணீரில் இருப்பது அதில் தங்கும். வெள்ளைத் தட்டில் வெள்ளையாக வெட்டப்பட்ட பெயர், நாங்கள் அனுப்பியபோது சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். இப்போது ஒவ்வொரு எழுத்தும் மஞ்சளாக, எட்ட இருந்தே படிக்கும்படி இருந்தது. சாம்பாரும் ரசமும் சாப்பிட்டு ஐந்து ஆண்டுகள் தினமும் கழுவிய தட்டுகள். தாய்க்குச் சரி சரி என்று சொல்லிவிட்டு, அவள் அவற்றில்தான் சாப்பிட்டிருக்கிறாள்.

சம்பந்தி ஒரு தட்டை மடியில் வைத்துப் பெயர்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா பார்த்திருக்க வேண்டும் என்றார். நான் ஆமாம் என்றேன். என் மனைவி பார்த்திருக்க வேண்டியது இது மட்டும் அல்ல. பெட்டிப் பலகைக்கு இந்தப் பக்கம் இத்தனை ஆண்டுகள் செங்கல் மாற்றிக்கொண்டிருந்தவள் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு சொல். அது அந்த வீட்டில் தினமும் புழங்கிக்கொண்டிருந்தது. அவள் போவதற்கு முதல் நாள் சொல்லியிருந்தால்கூட, கண் திறக்காவிட்டாலும் காது கேட்டிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். மருத்துவரிடம் நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

அவர் புறப்படும்போது சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். துக்க வீட்டுச் சாப்பாடு ஆயிற்று என்றார். காரில் ஏறியதும் கண்ணாடியை இறக்கி, பேத்தி உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டாள், தாத்தா என்றுதான் சொல்லிவிட்டேன் என்றார்.

இன்னும் செய்யாதவை:

பெட்டிகளுக்குப் புது வைக்கோல். இப்போது அறுவடை மிஷின் வைக்கோலை நொறுக்கிவிடுகிறது; கையால் அறுத்தது யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

கடலைக் கடந்து எடுத்துப்போக ஆள். பேத்தியே வருவதாக இருந்தால், அவள் வரும் மாதத்தைக் கேட்க வேண்டும்.

அவளோடு ஒருமுறை தொலைபேசியில் பேச வேண்டும். இரண்டு முறை எண்ணை எழுதி வைத்துக்கொண்டேன்.

திருப்பனந்தாளில் இருக்கும் என் மனைவியின் அக்காளுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். பேத்தி பெரியம்மா என்று சொல்வது அவருக்கும் தெரியாது.

மனைவி படுத்திருந்த வாடகைக் கட்டில் இன்னும் அறையில்தான் இருக்கிறது. கடைக்காரர் இருமுறை ஆள் அனுப்பினார். திருப்பிக் கொடுக்க வேண்டும்.